மூட்டைக்குள் வைத்த காகிதம்: வில்லியனூர், பாகூர் சேரிகளிலிருந்து கடல் தாண்டியவர்களின் வரலாறு

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வளர்ந்த நம்மில் பலர், பிரான்சுக்குக் குடிபோகும் குடும்பம் ஒன்றையாவது பார்த்திருப்போம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். மிளகாயைக் காயவைத்து அரைப்பார்கள். வடகம் பிழிவார்கள். கருவாட்டை நாலு மடிப்பு பிளாஸ்டிக்கில் சுற்றுவார்கள். பெட்டியை நிறுத்துப் பார்த்து, இரண்டு கிலோ கூடுதல் என்று அரிசி மாவை எடுத்து வெளியே வைப்பார்கள். இதற்கெல்லாம் அக்கம்பக்கத்தார் உதவிக்கு வருவார்கள். ஆனால் ஒரு பையை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். அதில் ஃபைல் இருக்கும். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, பிரெஞ்சு அரசு தந்த குடும்பப் பதிவேடு, தாத்தாவின் இராணுவப் பணிப் பதிவு. பெட்டி தொலைந்தால் மிளகாய்த்தூள் போகும். ஃபைல் தொலைந்தால் பயணமே போகும்.

அதே தெருவில் பக்கத்து வீட்டுக் குடும்பம் சென்னையைத் தாண்டியிருக்காது. அதே சாதி, அதே கோயில் அல்லது அதே மாதா கோவில், அதே தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாக பிரெஞ்சு பென்ஷன் வருகிறது. அடுத்த வீட்டில் மூன்று தலைமுறையாக நாற்று நடுகிறார்கள். ஏன் இப்படி என்று மாணவத் தோழர்கள் எங்கள் கூட்டங்களில் கேட்கிறார்கள். 'அவர்களுக்கு அதிர்ஷ்டம்' என்பதுதான் ஊரில் கிடைக்கும் பதில். அது பதில் இல்லை. யார் எந்தக் காகிதத்தை மூட்டைக்குள் வைக்க முடிந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் சாதி இருக்கிறது, பிரெஞ்சுக் காலனி இருக்கிறது, இந்திய அரசும் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே வரிசையாகச் சொல்ல முயல்கிறோம்.

செப்பேடு இருந்தவர்களும் இல்லாதவர்களும்

பாகூரிலிருந்தே தொடங்குவோம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று பாகூரில் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. வேதமும் சாத்திரமும் கற்றவர்களுக்கான கல்விச்சாலை அது. யாருக்கு எந்த நிலம், எந்த எல்லை, என்ன உரிமை என்பது உலோகத்தில் வெட்டப்பட்டு ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் வாசிக்கக் கிடைக்கிறது. அந்த ஊர்களில் ஏர் ஓட்டியவர்கள் யார், நாற்று நட்டவர்கள் யார், அவர்களுக்கு என்ன பெயர் என்பதைச் சொல்ல அப்படி ஒரு தகடு கிடையாது.

ஆவணம் என்பது எப்போதும் அதிகாரம் உள்ளவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. நம் முன்னோர் பெயர்கள் ஆவணத்தில் முதன்முதலாக வருவது பெரும்பாலும் அவர்களைக் கணக்கெடுக்க, விற்க, ஏற்றுமதி செய்ய யாருக்கோ தேவைப்பட்டபோதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்து மொரீசியசுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகள் ஏற்றப்பட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டுப் பகுதியில், ஏழை எளிய மக்களை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து, கப்பலேற்றிய கும்பலைப் பற்றிய செய்திகள் உண்டு. அவர்களுக்கு மூட்டை கட்ட நேரம் தரப்படவில்லை. எங்கே போகிறோம் என்றே தெரியாமல் போனவர்கள் அவர்கள். நம் பகுதியின் புலம்பெயர் வரலாற்றை எழுதுகிறவர்கள் வணிகர்களிடமிருந்தும் அரசு ஊழியர்களிடமிருந்தும் தொடங்குவதுதான் வழக்கம். நாம் இவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்து வருடச் சீட்டு

1848இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கூலி ஆள் தேவைப்பட்டது. 1828லேயே ஏனாமிலிருந்து 15 பேரை ரீயூனியனுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். அந்த வழி இப்போது பெரிதாகத் திறந்தது. புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 'ஓரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கு ஆட்களைக் கொண்டுசேர்த்தது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலும் ஆள் எடுக்கலாம் என்றானது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர், மர்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர் போனார்கள். எல்லாரும் நம் கொம்யூன்களைச் சேர்ந்தவர்கள் அல்ல. தென்னாற்காடு, தஞ்சை என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறினார்கள்.

ஏன் போனார்கள்? பஞ்சம் ஒரு காரணம். நிலமில்லாதது அதைவிடப் பெரிய காரணம். படியாளாக இருப்பவர் ஆண்டையிடம் வாங்கிய கடனை அடைத்து முடிப்பதே இல்லை. அப்பன் கடனுக்கு மகன் வேலை செய்வான். ஐந்து வருடம் என்று ஒரு முடிவு எழுதப்பட்ட ஒப்பந்தம், முடிவே எழுதப்படாத படியாள் வாழ்க்கையைவிடப் பலருக்கு மேலாகத் தெரிந்திருக்கும். ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் பொய் சொன்னார்கள் என்பது உண்மை. அந்தப் பொய் விலைபோகும் அளவுக்கு ஊரின் நிலைமை இருந்தது என்பதும் உண்மை. நம் மக்களை வெறும் ஏமாளிகளாகக் காட்டும் எழுத்துகளை நாம் ஏற்க வேண்டியதில்லை.

கப்பலேறும் முன் முகாமில் அடைத்துவைப்பார்கள். மருத்துவர் உடலைப் பார்ப்பார். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எழுதப்படும். ஓர் எண் தரப்படும். நம் மக்களின் கைக்கு வந்த முதல் பயண ஆவணம் இதுதான். போன இடத்தில் அந்தத் தனிப்பெயர்களே குடும்பப் பெயர்களாயின. இன்று குவாதலூப்பில் முத்துசாமி, ராமசாமி, வீரப்பன், சிதம்பரம் என்பவை குடும்பப் பெயர்கள். எழுத்தர் எழுதிய எழுத்துப்பிழையோடு அவை நிலைத்துவிட்டன.

திரும்பி வருவதற்கான கப்பல் செலவு ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனாலும் போனவர்களில் சிறுபகுதியினரே திரும்பினார்கள். அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டா இல்லையா என்ற கேள்வியை குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904இல் எழுப்பினார். இந்திய வம்சாவளியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்ததற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது அவர் வழக்காடினார். அந்தப் போராட்டம் முடிய 1923 ஆயிற்று. கூலியாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் குடிமக்கள் ஆவதற்கும் ஒரு காகிதச் சண்டை தேவைப்பட்டது.

பெயரை விட்டுவிட்டுப் போ

இந்தக் கூலிக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் புதுச்சேரியில் இன்னொரு வழி திறந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை அது. அதுவரை பிரெஞ்சிந்தியாவில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் அவரவர் சாதி, சமய வழக்கப்படியே திருமணம், வாரிசுரிமை எல்லாம் நடந்தன. சாதி வழக்கத்தில் தலையிடமாட்டோம் என்று பிரெஞ்சு அரசு வாக்குக் கொடுத்திருந்தது. ஆதிக்க சாதிகளுக்கு அது பாதுகாப்பு. நமக்கு அது சிறை. ஏனென்றால் நம் 'வழக்கம்' என்பது அடுத்தவன் நம்மீது வைத்த விதி.

1881 ஆணை, விரும்புகிறவர்கள் இந்தத் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. இப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். அதிகாரியின் முன் கையெழுத்திட வேண்டும். ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. துறந்தவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பகுதி. சாதியைச் சுட்டாத ஒரு பெயரைச் சட்டப்படி தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியும் என்பது 1881இல் சேரியில் இருந்த ஒருவருக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இயக்கத்தின் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் அவர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி தண்டித்தார். பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். பின்னர் தனிநிலையைத் துறந்து 'லப்போர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அவர் வேளாளர். அவர் போராடியது வெள்ளையர் முன் சமமாக நிற்பதற்கு. அதை மதிக்கிறோம். ஆனால் நம் ஊர்த் தெருக்களில் செருப்புப் போட்டு நடக்கும் உரிமைக்கு எந்தப் பாரீஸ் நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. கதவு ஒன்று திறந்தது, ஆனால் அது நீதிமன்றத்தின் கதவு. ஊரின் கதவை நாமே உடைக்க வேண்டியிருந்தது.

மதமும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. புதுச்சேரி மாதா கோவிலுக்குள்ளேயே பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைக்க எழுப்பப்பட்டிருந்த சுவரைப் பற்றியும், அதை எதிர்த்து அவர்கள் முறையிட்டதைப் பற்றியும் அதே ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் எழுதியிருக்கிறார். அரசியலும் திறக்கவில்லை. 1884இல் ரெனோன்சான்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல் வந்தது. சாதி இந்துக்களின் தலைவராக இருந்த நாடு சண்முக வேலாயுத முதலியாரின் அணி, தனிநிலைத் துறப்பையே எதிர்த்து நின்றது. 1899இல் அந்தத் தனிப் பட்டியல் எடுக்கப்பட்டது. சட்டத்தில் சமம், ஊரில் சேரி என்பதுதான் நிலைமை.

அதனால் ரெனோன்சான் காகிதத்தின் முழு மதிப்பும் ஊரைவிட்டு வெளியே போனால்தான் கிடைத்தது. பிரெஞ்சு இந்தோசீனாவில் வரி வசூல், காவல், சிறை, தபால், கலங்கரை விளக்கம் என்று கீழ்நிலை அரசு வேலைகளுக்குப் புதுச்சேரித் தமிழர்கள் போனார்கள். சைகோன் என்ற சொல் நம் ஊர்க் கதைகளுக்குள் வந்தது இப்படித்தான். மனைவி மக்களோடு போய், அங்கேயே பிள்ளைகள் பிறந்து, விடுமுறைக்கு ஊருக்கு வந்தார்கள். புதுச்சேரி விழுப்புரம் ரயில் பாதை 1879இல் வந்தது. வில்லியனூர் நிலையத்தில் இறங்கி, கோட்டும் தொப்பியுமாகச் சேரிக்குள் நடந்துவந்த ஒருவரை ஊர்த்தெரு எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நாமே கற்பனை செய்துகொள்ளலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே நம் மக்கள் வியட்நாமிய விவசாயிகளின்மீது அதிகாரம் செலுத்தும் காலனி அரசின் கைகளாக இருந்தார்கள். நமக்குக் கிடைத்த விடுதலையின் ஒரு பகுதி இன்னொரு மக்களின் அடிமைத்தனத்தில் கிடைத்தது. தலித் வரலாறு எழுதுகிற நாம் இதை எழுதத் தயங்கினால், பிறர் வரலாற்றை விமர்சிக்கும் தகுதி நமக்கு இருக்காது.

சொல்தாக்கள்

பிறகு இராணுவம். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்களை நம் பக்கம் 'சொல்தா' என்போம். முதல் உலகப் போரில் பிரெஞ்சிந்தியர்கள் பிரான்சுக்குப் போய்ச் சண்டையிட்டார்கள். கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் அவர்களுக்கானதுதான். 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன், தெகோலின் சுதந்திர பிரான்சு பக்கம் நின்றபோது மறுபடியும் ஆள் சேர்ந்தார்கள். 1954 வரை இந்தோசீனப் போரிலும் இருந்தார்கள்.

சேரியிலிருந்து போனவருக்கு இராணுவம் மூன்றைத் தந்தது. மாதச் சம்பளம், சீருடை, பணிப் பதிவேடு. மூன்றாவதன் மதிப்பு அப்போது தெரியவில்லை. எங்கே பிறந்தார், எப்போது சேர்ந்தார், மனைவி யார், பிள்ளைகள் யார் என்று எல்லாம் எழுதிய ஒரு தொகுப்பு, நிலப்பத்திரமே பார்த்திராத ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. பின்னால் பேரப்பிள்ளைகளின் ஃபைலில் முதல் காகிதம் அதுவானது.

ஆறு மாதம்

இப்போது நம் கதையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. பிரதிநிதித்துவ சபை, நகரமன்ற உறுப்பினர்கள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் இன்றும் கீழூரில் கொடியேற்றுகிறார்கள். அந்த விழாவில் சொல்லப்படாத ஒரு செய்தி உண்டு. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு குடும்பமும் தான் யார் என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தின் விதி இது. பிரெஞ்சிந்தியப் பகுதியில் பிறந்து, அன்றைய தேதியில் அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அதாவது 1963 பிப்ரவரிக்குள். ஆனால் பிரெஞ்சிந்தியப் பகுதிக்கு வெளியே பிறந்தவர்கள், இங்கே குடியிருந்தாலும், பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்வார்கள். இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால்தான் அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இது ஒரு வீட்டுக்குள் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். அப்பா சைகோனில் வேலை பார்த்தவர். மூத்த மகன் 1934இல் சைகோனில் பிறந்தான். இரண்டாவது மகன், அம்மா பிரசவத்துக்கு ஊருக்கு வந்ததால் 1938இல் வில்லியனூரில் பிறந்தான். 1962இல் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மூத்தவன் ஒன்றுமே செய்யாமல் பிரெஞ்சுக்காரன். இளையவன் ஒன்றுமே செய்யாவிட்டால் இந்தியன். பிரசவம் எங்கே நடந்தது என்பது ஒரு பரம்பரையின் நாட்டைத் தீர்மானித்தது.

திருமணமாகாத 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவே முடிவு. அவர் இறந்திருந்தால்தான் அம்மாவின் முடிவு செல்லும். 1881இல் துறந்தபோதும் கணவனின் கையெழுத்து மனைவி மக்களைக் கட்டியது. 1962இலும் பிள்ளைகளின் நாட்டை முடிவுசெய்ய உயிரோடிருக்கும் தாய்க்கு உரிமை இல்லை. மிளகாய் அரைத்து மூட்டை கட்டியது பெண்கள். எங்கே போவது என்று கையெழுத்திட்டது ஆண்கள்.

கடைசியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர்தான் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை நாட்டுப்பற்று என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விடுதலைப் போராட்டத்தில் நம் மக்களும் இருந்தார்கள், இந்தியராக இருக்க மனதார விரும்பியவர்கள் ஏராளம். அதை மறுக்கவில்லை. ஆனால் தேர்வு என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் செய்தி வந்து சேர வேண்டும். பிரெஞ்சில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் விதி, எழுதப் படிக்கத் தெரியாத படியாள் குடும்பத்துக்கு யார் மூலம் வரும்? பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். பிறப்புப் பதிவு இருக்க வேண்டும். அதில் உள்ள பெயரும் கூப்பிடும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் ஒரு சொல்தாவோ சைகோன்காரரோ இருந்தால் இதையெல்லாம் சொல்ல ஆள் இருந்தது. இல்லாத வீட்டில் 1963 பிப்ரவரி மற்ற மாதங்களைப் போலவே வந்து போனது. அறுவடைக் காலம் வேறு.

பக்கத்து பக்கத்து வீடுகள் பிரிந்தது இங்கேதான். அதிர்ஷ்டம் என்று ஊர் சொல்வது இதைத்தான்.

இன்னொரு காகிதம்

ஓராண்டுக்குப் பிறகு இன்னொரு ஆவணம் வந்தது. 1964 மார்ச் 5ஆம் தேதி, புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிகள் ஆணையைக் குடியரசுத் தலைவர் வெளியிட்டார். இந்திய அரசமைப்பின்கீழ் நமக்குரிய இடஒதுக்கீடும் பாதுகாப்பும் இங்கே வந்து சேர்ந்தது இந்த ஆணையால். பிரெஞ்சு அரசு நமக்குச் சட்டத்தில் சமம் என்றது, ஆனால் சாதியால் இழந்ததை ஈடுசெய்ய எதையும் எழுதித் தரவில்லை. அம்பேத்கரின் அரசமைப்பு அதை எழுதித் தந்தது. இந்த வேறுபாட்டைப் பிரெஞ்சுக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டும்.

ஆனால் இந்தக் காகிதத்துக்கும் ஒரு வாசல்படி இருந்தது. இந்து, சீக்கிய மதத்தவர் மட்டுமே அட்டவணைச் சாதியினர். பௌத்தர்கள் 1990இல் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்கள் இன்றுவரை வெளியே. வில்லியனூர் லூர்து மாதா கோவில் 1877இல் கட்டப்பட்டது. அதைச் சுற்றியுள்ள பகுதிகளில் தலைமுறைகளாகக் கிறித்தவர்களாக இருக்கும் தலித் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். 1963இல் பிரெஞ்சுக் காகிதத்தைத் தவறவிட்ட ஒரு கிறித்தவத் தலித் குடும்பம், 1964இல் இந்தியக் காகிதத்தையும் பெறவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்க்கப்பட்டவர்களுக்கு, சாதியால் வந்த இழப்பு இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. நம் வரலாற்றில் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றவர்கள் இவர்கள்தான். இவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

சாதியும் பெட்டிக்குள் போனது

1960களிலிருந்து குடும்பங்கள் பிரான்சில் குடியேறத் தொடங்கின. பாரீசின் வடக்குப் புறநகர்கள், சார்செல் போன்ற இடங்கள், நம் ஊர்ப் பெயர்களைப் போலப் பழகிவிட்டன. கப்பலில் டிரங்குப் பெட்டி, பிறகு விமானத்தில் சூட்கேஸ். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்பு, திருமணப் பதிவுகளை வைத்திருக்கும் நாந்த் நகர அலுவலகத்தின் பெயர், பிரான்சைப் பார்த்திராத நம் ஊர்ப் பாட்டிகளுக்கும் தெரியும். காகிதம் வரும் ஊர் என்ற அளவில்.

பிரெஞ்சுக் குடியுரிமை கல்யாணச் சந்தையில் விலையானது. சாதி பார்த்துத்தான் அந்தக் கல்யாணங்களும் பேசப்பட்டன. 1881இல் சாதியைச் சட்டப்படி துறந்த குடும்பங்களின் வாரிசுகளிலும், பாரீசிலிருந்து ஊருக்கு வந்து சொந்தச் சாதியில் மாப்பிள்ளை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெயரை மாற்றுவது எளிது. சுங்கச் சோதனையில் சாதியைப் பிடிக்கும் கருவி எந்த விமான நிலையத்திலும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ததே, இந்தப் பெட்டி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்குச் சான்று.

பாபாசாகேப்பின் அனுபவம் இதன் மறுபக்கம். 1917இல் இலண்டனிலிருந்து திரும்பியபோது, வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகப் பெட்டிகள் போரில் கடலுக்குள் போயின. கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்த அவர் பரோடாவுக்கு வேலையில் சேர வந்தபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரை, தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். அந்த அனுபவங்களை அவர் எழுதியதற்குப் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. வெளிநாட்டுக்குப் போக அவருக்கு அனுமதி கிடைத்தது. சொந்த நாட்டுக்குள் நுழையத்தான் கிடைக்கவில்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்

தோழர்களே, இன்று மூட்டை கட்டுகிறவர்கள் நீங்கள். அட்டவணைச் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. 2022இல் அதன் விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய இத்தொகை கிடையாது என்றார்கள். நாம் வெளியே போகலாம், ஆனால் நம் வரலாற்றை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் இதன் பொருள். மூட்டையில் எதை வைக்கலாம் என்பதை இன்னும் அடுத்தவர்தான் முடிவு செய்கிறார். இதை எதிர்த்துப் பேச வேண்டும், எழுத வேண்டும்.

வீட்டளவில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. புதுச்சேரியில் சாதிச் சான்றுக்குப் போனால் 1964க்கு முன் இந்த மண்ணில் இருந்தீர்களா என்ற கேள்வி வருகிறது. நிலமே இல்லாத குடும்பத்திடம் அறுபது ஆண்டுப் பழைய ஆதாரம் கேட்கிறார்கள். செப்பேடு வைத்திருந்தவர்களுக்கு அது எளிது. நமக்கு ஒவ்வொரு துண்டுக் காகிதமும் முக்கியம். எனவே:

உங்கள் வீட்டுப் பரணில் உள்ள டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். பிரெஞ்சில் இருக்கிறது, புரியவில்லை என்று எதையும் எறியாதீர்கள். பழைய பிறப்புப் பதிவு, ஞானஸ்நானச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மனைப்பட்டா, பழைய ரேஷன் அட்டை, இராணுவக் கடிதம், கப்பல் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

பாட்டி, தாத்தாவிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். முக்கியமாகப் பாட்டியிடம். 1962இல் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், செய்தி யார் சொன்னார்கள், ஏன் போனார்கள், ஏன் போகவில்லை என்று கேளுங்கள். அப்போது இருபது வயதானவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் கேட்க ஆள் இருக்காது.

போன குடும்பங்களிடம் மட்டும் போகாதீர்கள். போகாத குடும்பங்களிடமும் போங்கள். அவர்களிடம் காட்டக் காகிதம் இருக்காது, சொல்லக் கதை இருக்கும். அந்தக் கதையை எழுதி, தேதி போட்டு, பெயர் போட்டு வைத்தால் நாளை அதுவும் ஓர் ஆவணம்.

வெளிநாடு போகிற தோழர்கள் மிளகாய்த்தூள் கொண்டு போங்கள், தப்பில்லை. அதோடு உங்கள் பாட்டியின் குரலையும் கொண்டு போங்கள். சாதியை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போக முயலுங்கள். அது பெட்டிக்குள் இருந்தால் போய்ச் சேர்ந்த இடத்தில் எடுத்து வெளியே எறியுங்கள்.

ஜெய்பீம்.